மூக்கு கொடுத்த தீர்ப்பு

டீசல் பம்ப் பழுதுபார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர் என் மூக்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் சாலையில் நான் பட்டறை வைத்திருந்த காலத்தில், என் கையைவிட மூக்குக்குத்தான் பேர் அதிகம். வண்டியின் டீசலை விரலில் தொட்டு, இரண்டு விரலையும் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வேன். பிறகு ஒரே வார்த்தை. "மண்ணெண்ண" என்பேன், அல்லது "சுத்தம்" என்பேன். சுற்றி நிற்பவர்கள் குறி கேட்க வந்தவர்களைப் போலத் தலையாட்டுவார்கள். கண்ணை மூடுவதற்கும் மோப்பத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அப்படிச் செய்தால் ஜனங்களுக்குப் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது.

அந்த மூக்கு ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். பம்ப்பை எப்படிக் கழற்றுவது, எந்த நட்டை எவ்வளவு இறுக்குவது என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். இது புத்தகத்தில் இருக்காது. தன்னைப் பற்றி இப்படி எழுதிவைக்க எந்த மெக்கானிக்குக்கும் மனசு வராது.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. மண்டிக்காரர், மில்காரர், பட்டாசு முதலாளி என்று எல்லோர் வீட்டிலும் டீசல் கார் நின்ற காலம். டீசலை அழுத்தத்தோடு இன்ஜினுக்குள் தள்ளுகிற பம்ப்பில் சின்னச் சின்ன ரப்பர் சீல்கள் இருக்கும். அவை தேய்ந்தால் டீசல் வெளியே கசியும், காற்று உள்ளே போகும், காலையில் வண்டி கிளம்பாமல் மானத்தை வாங்கும். தேய்ந்த சீலை எடுத்துவிட்டுப் புதுச் சீல் போடுவதுதான் எங்கள் பட்டறையின் அன்றாடச் சோறு.

இந்த வேலைக்கு முதல் தேவை சுத்தம். பம்ப்புக்குள் ஒரு தூசி போனாலும் வேலை கெட்டது. மற்ற ஊர் மெக்கானிக்குகள் பாகங்களை டீசலில் கழுவிக்கொண்டிருந்தபோது, எனக்கு மட்டும் ஒரு அதிர்ஷ்டம் வந்தது. சிவகாசியில் அச்சகம் வைத்திருந்த ஒரு வாடிக்கையாளர், காரைச் சரிசெய்து கொடுத்த சந்தோஷத்தில் ஒரு கேன் 'வாஷ்' கொண்டுவந்து கொடுத்தார். அச்சு மெஷினின் ரோலரில் காய்ந்துபோன மையைக் கழுவுகிற திரவம் அது. பல வருஷக் கரியைக்கூட ஒரு துடைப்பில் எடுத்துவிடும். இரும்பு கண்ணாடிபோல ஆகிவிடும். அன்றிலிருந்து கேன் தீரத் தீர அவர் அனுப்பிக்கொண்டே இருந்தார். மூன்று வருஷம் நான் பாகங்களையும் அதில்தான் கழுவினேன், கையையும் அதில்தான் கழுவினேன். சிவகாசிக்குப் பக்கத்தில் பட்டறை வைத்ததன் பலன் என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமை வேறு.

மூன்றாவது வருஷம், தீபாவளி சீசனுக்கு முன்பு, என் புத்தி இன்னும் கொஞ்சம் வேலை செய்தது. இரும்பை இவ்வளவு நன்றாகக் கழுவுகிறதே, புதுச் சீல்களையும் இதில் ஊறப்போட்டால் என்ன? போட்டேன். பிரமாதமாக இருந்தது. விறைப்பாக வரும் ரப்பர் வெண்ணெய்போல இளகி, சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்தது. கச்சிதமாகப் பிடித்தது. டெஸ்ட் பெஞ்சில் ஓட்டினால் ஒரு சொட்டு கசிவு இல்லை. இவ்வளவு சுலபமான விஷயம் இத்தனை காலமாக யாருக்கும் தோன்றவில்லையே என்று நான் உலகத்தை நினைத்து இரக்கப்பட்டேன்.

அந்த முறையில் சீல் போட்ட முதல் வண்டி, ஒரு பட்டாசு முதலாளியின் வெள்ளைக் கார். அதை ஓட்டியவர் குருசாமி. முப்பத்தைந்து வயதிருக்கும், தாயில்பட்டிக்காரர். அப்பாவும் அண்ணன்மாரும் பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்ய, அந்த வீட்டிலிருந்து லைசென்ஸ் எடுத்து வெளியே வந்தவர் இவர் ஒருவர்தான். காரை அவர் துடைக்கிற துடைப்பைப் பார்த்தால், அது முதலாளியுடையது என்று நம்புவது கஷ்டம்.

பதினைந்தாம் நாள் அந்தக் கார் திரும்பி வந்தது. குருசாமி ஓட்டி வர, முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். வடக்கேயிருந்து பெரிய ஆர்டரோடு வந்த வியாபாரியை ஏற்றிக்கொண்டு முதலாளி தன் கம்பெனிக்குப் போயிருக்கிறார். கேட்டில் இருந்த வாட்ச்மேன் குனிந்து பார்த்து, வண்டிக்கு அடியில் டீசல் சொட்டுகிறது, உள்ளே விட முடியாது என்று சொல்லிவிட்டார். கசிகிற வண்டி உள்ளே வரக்கூடாது என்று அந்த கேட்டில் போர்டு எழுதி மாட்டியவரே முதலாளிதான். வியாபாரி வெயிலில் இறங்கி உள்ளே நடந்து போயிருக்கிறார். முதலாளிக்கு வந்த கோபத்தை வாட்ச்மேன் மேல் காட்ட வழியில்லை. அது ஆளைத் தேடிக்கொண்டு என் பட்டறைக்கு வந்திருந்தது.

அன்று பட்டறையில் கூட்டம். ஒரு எண்ணெய் மில்காரர், ஒரு மிளகாய் மண்டிக்காரர், அவர்களுடைய டிரைவர்கள் என்று பத்துப் பேராவது இருப்பார்கள். பதினைந்து நாளில் என் வேலை கசிகிறது என்பது அத்தனை பேர் காதிலும் விழுந்தது. உங்களுக்கும் ஒருநாள் இந்த நிமிஷம் வரும். எல்லோரும் உங்கள் முகத்தையே பார்ப்பார்கள். அப்போது உண்மையான பதில், "தெரியலை, கழற்றிப் பார்க்கணும்" என்பதுதான். அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு அது தோன்றவே இல்லை. கசிந்த டீசலை விரலில் தொட்டேன், தேய்த்தேன், கண்ணை மூடினேன்.

"மண்ணெண்ண" என்றேன்.

முதலாளி கொடுக்கிற டீசலை வெளியே விற்றுவிட்டு, டேங்கில் மண்ணெண்ணெயைக் கலந்து ஊற்றுகிற டிரைவர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். அதனால் என் ஒரு வார்த்தைக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எல்லோரும் குருசாமியைப் பார்த்தார்கள்.

குருசாமி பதறவில்லை. "இல்லண்ணே. நானே பங்க்ல நின்னு ஊத்துன டீசல் இது. நீங்க கைய நல்லா சோப்பு போட்டுக் களுவிட்டு, மறுக்க ஒருக்க மோந்து பாருங்க" என்றார்.

நியாயமான வார்த்தை. இப்போது நினைத்தால், அன்று அந்தப் பட்டறையில் பேசப்பட்ட ஒரே மெக்கானிக் பேச்சு அதுதான். ஆனால் மண்டிக்காரர் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் எனக்குச் சுள்ளென்று ஏறியது. "ஏலே, எனக்கே பாடம் நடத்துறியா?" என்று கேட்டேன். முதலாளி அங்கேயே சாவியை வாங்கிக்கொண்டார். குருசாமி டிக்கியில் இருந்த தன் துண்டையும் தூக்குச்சட்டியையும் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

பிறகு பம்ப்பைக் கழற்றினேன். கலப்படம் ஓடிய பம்ப் என்றால் முதலில் அடிபடுவது இரும்பு. உள்ளே கோடு கோடாகக் கீறல் விழுந்திருக்கும். இதில் இரும்பு புதுசாக மின்னியது, ஒரு கீறல் இல்லை. அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் வாய் ஏற்கனவே திறந்தாகிவிட்டதால் கண்ணை மூடிக்கொண்டேன். வாஷில் ஊறிய வேறு சீல்களைப் போட்டு, பம்ப்பை மாட்டி அனுப்பிவைத்தேன்.

அடுத்த வாரம் ஆமத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கார் கசிந்துகொண்டு வந்தது. நான் சீல் போட்ட கார்தான். இந்த முறை டிரைவர் இல்லை, உரிமையாளரே ஓட்டி வந்தார். அவர் பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர். டிரைவர் இல்லாத வண்டி, சொந்த பங்க்கில் ஊற்றிய டீசல். தீர்ப்புச் சொல்வதற்கு இதைவிட மோசமான வழக்கு அமையாது. என் மூக்கின் புகழ் தெரிந்தவர் என்பதால், தன் பங்க் டீசலை ஒரு பாட்டிலில் நிரப்பி மூடிக் கொண்டுவந்திருந்தார். பாட்டிலை என் இடது கையில் கொடுத்துவிட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அவமானமும் பதற்றமும். அந்தப் பதற்றத்தில் என் வலது கை தன் பாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிட்டது. விரலைத் தேய்த்தேன், மூக்கருகே கொண்டுபோனேன், கண்ணை மூடினேன்.

"மண்ணெண்ண" என்றேன்.

அவர் பாட்டிலையும் என் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அண்ணாச்சி, மூடியே இன்னும் தெறக்கலையே" என்றார்.

கண்ணைத் திறந்து பார்த்தேன். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. என் விரலில் மண்ணெண்ணெய் வாடையும் அப்படியேதான் இருந்தது.

அந்த மனிதருக்குப் பெரிய மனசு. சிரிக்கவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? "சீல் டூப்ளிகேட் மால் வந்திருச்சு, மாத்தித் தாரேன்" என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பினேன். நாலு புதுச் சீலை வாஷில் நனைக்காமல், பாக்கெட்டிலிருந்து எடுத்தபடியே போட்டுக்கொடுத்தேன். அவை இரும்புக்குள் போக மறுத்து முரண்டு பிடித்தன. சீல் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அவர் போனபின் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். குருசாமி சொன்னபடி கழுவ எனக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது. பாட்டிலைத் திறந்து மோந்தேன், சுத்தமான டீசல். வாஷ் கேனைத் திறந்து மோந்தேன், மண்ணெண்ணெயின் அண்ணன்போல ஒரு வாடை. மூன்று வருஷமாகத் தினமும் அதில் கை கழுவியதால், அது என் தோலின் வாடையாகவே ஆகிவிட்டிருந்தது. காலையில் வாஷில் போட்டிருந்த சீலை எடுத்துப் புதுச் சீலின் பக்கத்தில் வைத்தேன். ஊறியது உளுந்துவடைபோல உப்பியிருந்தது. அதை வெயிலில் வைத்துவிட்டு மறுநாள் பார்த்தால், சுருங்கி, விறைத்து, புதுச் சீலைவிடச் சின்னதாகக் கிடந்தது. உப்பும்போது கச்சிதமாகப் பிடிக்கும், பத்து நாளில் சுருங்கிக் கசியவிடும். இதைத்தான் நான் புது முறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், உடனே ஓடிப்போய் ஒப்புக்கொள்ளவில்லை. இது எனக்கு மட்டும்தான் தெரியும். இனி வாஷைத் தொடாமல் வேலை செய்தால் யாருக்கும் தெரியவும் போவதில்லை. ஒரு டிரைவர் போனால் இன்னொரு முதலாளி கிடைக்காமலா போவார் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். இரண்டு நாள் அந்தச் சமாதானத்தைத் தின்றுகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் முடியவில்லை. வெட்கம் ஒரு பக்கம், அதைவிட, டிக்கியிலிருந்து தூக்குச்சட்டியை எடுத்த அந்தக் கை கண்ணைவிட்டுப் போகவில்லை. முதலாளியின் ஆபீசுக்குப் போய் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

இங்கேதான் நான் எதிர்பாராதது நடந்தது. அவர் நம்பவில்லை.

"அண்ணாச்சி, நீங்க நல்ல மனுசன். அவன் வந்து ஒங்க காலைப் பிடிச்சு அழுதிருப்பான், அதான் பழியை நீங்க ஏத்துக்கிடுதீக" என்றார். நான் இல்லை என்று சொல்லச் சொல்ல, என் பெருந்தன்மை அவர் கண்ணில் வளர்ந்துகொண்டே போனது. என் மூக்கு தப்புச் செய்யாது என்று என்னிடமே வாதாடினார். இத்தனை வருஷம் நான் கண்ணை மூடிக் கட்டிய பேர், இப்போது நான் சொல்லும் உண்மையைக்கூட உள்ளே விடாமல் வாசலில் நின்றது. பேச்சோடு பேச்சாக அவர் இன்னொன்றும் சொன்னார். குருசாமியை வேறு முதலாளிமாரும் சேர்க்கவில்லையாம். மண்ணெண்ணெய் டிரைவர் என்று பேர் பரவிவிட்டதாம். தாயில்பட்டியில் ஒரு கம்பெனியில் மருந்து செலுத்துகிற வேலைக்குப் போய்விட்டாராம்.

ஒரு பொறி பட்டால் பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிற அறை என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த அறைக்குப் போகக்கூடாது என்றுதான் அவர் டிரைவிங் கற்றுக்கொண்டார். இது சீசன் நேரம் வேறு. என் பேர், மானம் எல்லாம் அந்த நிமிஷத்தில் பின்னால் போய்விட்டது. அவர் அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நாளும் என் கணக்கில்தான் போகிறது என்று பட்டது.

வாதாடிப் பயனில்லை என்று தெரிந்து, மறுநாள் இரண்டு கண்ணாடி டம்ளரோடு போனேன். ஒன்றில் டீசல், ஒன்றில் வாஷ். இரண்டிலும் ஒவ்வொரு புதுச் சீலைப் போட்டு, முதலாளியின் மேஜையில், வெடி லேபிள்களுக்கு நடுவே வைத்தேன். மூன்று நாள் இது இங்கேயே இருக்கட்டும், நீங்களே பாருங்கள் என்றேன். சாமி முன்னால் வைத்த தீர்த்தம்போல அவரும் அதை யாரையும் தொடவிடவில்லை. மூன்றாம் நாள் அவரே சீல்களை எடுத்து, லேபிள் அளக்கிற ஸ்கேலில் வைத்து அளந்தார். டீசலில் கிடந்தது அப்படியே இருந்தது. வாஷில் கிடந்தது உப்பி, நான் கொண்டுபோயிருந்த பம்ப்பின் இரும்பு வளையத்துக்குள் நுழையவே இல்லை. அவர் ரொம்ப நேரம் அதை உருட்டிக்கொண்டிருந்தார். தன் மூக்கும் சேர்ந்து அறுபட்டது அவருக்குப் புரிந்திருக்கும். கடைசியில், "சரி, ஆளை வரச் சொல்லுங்க. புது டிரைவர் கியர் போடுறத என் காதால கேக்க முடியல" என்றார். மன்னிப்பை அவர் இப்படித்தான் கேட்பார் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றே தாயில்பட்டிக்குப் போனேன். அந்தக் கம்பெனியின் கேட்டில் என் சட்டையிலிருந்து வாடை வருகிறது என்று உள்ளே விடவில்லை. நியாயம்தான் என்று வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். வேலை விட்டுக் குருசாமி வந்தார். முழங்கை வரைக்கும் மருந்தின் வெள்ளிப் பொடி. புருவத்தில்கூட இருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றார்.

நான் சொல்ல வந்ததையெல்லாம் சொன்னேன். தப்பு என்னுடையது, நீங்கள் சொன்னதுதான் சரி, முதலாளி கூப்பிடுகிறார், நாளைக்கே வாருங்கள் என்றேன். அவர் கையிலிருந்த பொடியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"வாரேண்ணே" என்றார் பிறகு. "ஆனா, அன்னைக்குப் பத்துப் பேர் முன்னாடி சொன்னீக. இத வேப்பமரத்தடியில என்கிட்ட மட்டும் சொல்லுதீக. எனக்குத்தான் ஏற்கனவே தெரியுமேண்ணே."

மன்னிப்புக் கேட்க பஸ் ஏறி வந்ததையே நான் பெரிய காரியமாக நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பு சபையில் நடந்தது, திருத்தம் மட்டும் மரத்தடியில் நடக்கிறது. தம்பிகளே, நம் தொழிலில் இது ரொம்பச் சகஜம். பழி சொல்லும்போது குரல் தெருமுனைவரை கேட்கும், தப்பை ஒப்புக்கொள்ளும்போது பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது.

அடுத்த திங்கட்கிழமை காலை, அன்று இருந்தவர்களில் முடிந்தவர்களையெல்லாம் சொல்லியனுப்பிப் பட்டறைக்கு வரவழைத்தேன். மண்டிக்காரர் வந்தார், மில்காரர் வந்தார், முதலாளி, நான் மறுபடி நல்ல சீல் போட்டுக்கொடுத்த வெள்ளைக் காரில் வந்தார். குருசாமி சலவைச் சட்டை போட்டு ஓரமாக நின்றார். வாஷ் கேனை நடுவில் வைத்துவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு ஆரம்பித்தேன். மூன்று வருஷமாக இந்த வாடை என் விரலில் இருந்ததையும், அதை வண்டியின் வாடை என்று நான் தீர்ப்புச் சொன்னதையும், சீலைக் கெடுத்தது நானே என்பதையும் சொன்னேன். மண்டிக்காரர் இந்த முறையும் சிரிப்பார் என்று பயந்தேன். யாரும் சிரிக்கவில்லை. முதலாளி சாவியை எடுத்துக் குருசாமி கையில் கொடுத்தார். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன்.

அப்போது எண்ணெய் மில்காரர், ஏதோ யோசித்தவர் போல, "அண்ணாச்சி, மூணு வருசமா கையில இந்த வாடை இருந்துச்சுன்னீகளே. போன வருசம் என் டிரைவரையும் நீங்க இப்படித்தான மோந்து பாத்துச் சொன்னீக? நான் ஆளை நிப்பாட்டிட்டேனே" என்றார்.

எனக்கு அந்தக் கார் ஞாபகம் இருந்தது. அந்த பம்ப் ஞாபகம் இருந்தது. எந்த நாசில் மாற்றினேன் என்பதுகூட ஞாபகம் இருந்தது. அந்த டிரைவரின் முகம் வரவில்லை. பேர் என்ன என்று மில்காரரிடம் கேட்டேன். அவரும் நெற்றியைத் தடவிக்கொண்டு யோசித்தார். தன் வண்டியை நாலு வருஷம் ஓட்டியவரின் பேர்.

"காளிராசு" என்றார் குருசாமி.

எல்லோரும் திரும்பினோம்.

"நான் இருந்த கம்பெனியிலதாண்ணே இருக்கான். எனக்கு மருந்து செலுத்தச் சொல்லிக்குடுத்ததே அவந்தான்."

காளிராஜ் மண்ணெண்ணெய் கலந்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அதைச் சொல்லக்கூடிய பம்ப் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. கலந்தே இருக்கலாம். ஆனால் நான் மோந்து பார்த்தது என் விரலை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். குருசாமி முதலாளியைப் பார்த்தார். முதலாளி, போய்விட்டு வா என்பதுபோலத் தலையசைத்தார்.

"ஏறுங்கண்ணே" என்று குருசாமி முன்கதவைத் திறந்தார். "இப்பப் போனா மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளிய வருவான், ஆளைப் பிடிச்சிறலாம்."

நான் ஏறி உட்கார்ந்தேன். வண்டி கிளம்பும்போது பின்கதவு திறந்தது. மில்காரர் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டார்.